சிவப்புப் பந்தைக் கையில் எடுங்கள்

2025 நவம்பர் 26 அன்று கவுகாத்தியில் இந்திய அணி தென்னாப்பிரிக்காவிடம் 408 ரன் வித்தியாசத்தில் தோற்றது. 1932இல் டெஸ்ட் ஆடத் தொடங்கியதிலிருந்து ரன் கணக்கில் இவ்வளவு பெரிய தோல்வியை இந்தியா கண்டதில்லை. அதற்கு ஓராண்டு முன்புதான் நியூசிலாந்து இங்கே வந்து, மூன்று டெஸ்டிலும் நம்மை வென்றுவிட்டுப் போனது. 2013 தொடங்கி சொந்த மண்ணில் வரிசையாகப் பதினெட்டுத் தொடர்களை வென்ற அணி இது. அந்தக் கோட்டை ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் இரண்டு முறை அடியோடு சரிந்திருக்கிறது.

கவுகாத்திக்கும் நம் சாத்தூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அங்கே விக்கெட்டைப் பறிகொடுத்த பழக்கத்தை நாம் இங்கே, வறண்ட கண்மாய்க்குள், ஞாயிற்றுக்கிழமைதோறும் கைதட்டி வளர்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் கிரிக்கெட் வாரியத்துக்கும் தேர்வாளர்களுக்கும் சொல்ல வேண்டியதைவிட அதிகமாக, வைப்பாற்றங்கரையில் பேட்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரியும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும், போட்டி நடத்தும் அண்ணன்மார்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போதே சொல்ல வேண்டியிருக்கிறது. பதினைந்து வயதில் ஊன்றிய பழக்கத்தை இருபத்தைந்து வயதில் எந்தப் பயிற்சியாளராலும் பிடுங்க முடியாது.

முதலில் நடந்ததைக் கண் திறந்து பார்ப்போம். 2024 அக்டோபரில் பெங்களூருவில் மேகம் மூடிய வானத்தின் கீழ் டாஸ் வென்று பேட்டிங் எடுத்தோம். 46 ரன்னில் சுருண்டோம். ஐந்து பேர் பூஜ்யம். அடுத்து புனேயில் பந்து நன்றாகத் திரும்பும் ஆடுகளம். நம் சுழற்பந்து வீச்சாளர்களுக்காக என்று நினைத்தோம். நியூசிலாந்தின் மிட்செல் சான்ட்னர் 13 விக்கெட் எடுத்துக்கொண்டு போனார். மும்பையில் 147 ரன் எடுத்தால் வெற்றி, 121க்கு எல்லோரும் அவுட். அங்கே பதினோரு விக்கெட் எடுத்த அஜாஸ் படேல் அதே மும்பையில் பிறந்தவர்.

இதிலிருந்து பாடம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. 2025 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டனில் முதல் நாளிலிருந்தே ஒரு பந்து எகிற, அடுத்த பந்து காலடியில் தாழ்ந்து போனது. மூன்றாம் நாளே ஆட்டம் முடிந்துவிட்டது. நமக்கு வேண்டியிருந்தது 124. நாம் எடுத்தது 93. அந்த ஆடுகளம் யாரும் சதி செய்து நம் தலையில் கட்டியதல்ல. நாங்கள் கேட்டது இதைத்தான் என்று ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் கவுதம் கம்பீரே சொன்னார். எதிரிக்கு வெட்டிய குழி என்றுதான் எனக்குத் தோன்றியது. அதே குழிக்குள் தென்னாப்பிரிக்கக் கேப்டன் டெம்பா பவுமா இறங்கி, 136 பந்துகளைச் சந்தித்து, 55 ரன்னுடன் கடைசிவரை நின்றார். அந்த ஆட்டத்தில் இரண்டு தரப்பிலும் சேர்த்து ஒரே அரைச் சதம் அதுதான். பந்து அப்படித்தான் வந்தது என்று நாம் சொல்லித் தப்ப முடியாதபடி அந்த 136 பந்துகள் சாட்சி சொல்கின்றன.

அதே ஈடனில், 2001 மார்ச்சில், ஆஸ்திரேலியாவிடம் பாலோ-ஆன் வாங்கிய பிறகு லக்ஷ்மணும் திராவிடும் நான்காம் நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழாமல் நின்றார்கள். காய்ச்சல் அடித்த உடம்போடு ஒருவர், முதுகு வலியோடு மற்றவர். அந்த வழியில் வந்த அணிதான் இது.

கவுகாத்தியில் நடந்தது இன்னும் வலிக்கிறது. அங்கே ஆடுகளத்தைக் குறை சொல்லவே வழியில்லை. தென்னாப்பிரிக்கா 150 ஓவருக்கு மேல் நின்று 489 ரன் எடுத்தது. அதில் 109 அடித்தவர் செனுரன் முத்துசாமி. டர்பனில் பிறந்தவர், குடும்பத்தின் வேர் நாகப்பட்டினத்தில். ஏழாவது ஆளாக வந்து, இருநூறுக்கும் மேற்பட்ட பந்துகளைப் பொறுமையாக ஆடி, தன் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தார். நாம் ஆடும்போது என்ன நடந்தது? ஒரு விக்கெட்டுக்கு 95 என்று இருந்த அணி, ஏழு விக்கெட்டுக்கு 122 ஆனது. மார்கோ யான்சன் குத்திப் போட்ட பந்துகளுக்குச் சிலர் விக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அதன்பிறகு நின்றது யார் தெரியுமா? நம் வாஷிங்டன் சுந்தரும், பந்து வீசுவதற்காகவே அணியில் இருக்கும் குல்தீப் யாதவும். குல்தீப் 134 பந்துகளைத் தடுத்தார். எடுத்தது 19 ரன்தான். ஆனால் அந்த இன்னிங்ஸில் வேறு எந்த இந்தியரும் அத்தனை பந்துகளைச் சந்திக்கவில்லை. பேட்டிங் தெரிந்தவர்களிடம் இல்லாதது பேட்டிங் தெரியாதவரிடம் இருந்தது. அதை நம் தம்பிகள் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

திறமை குறைந்து போனதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 ஜூன் 29 அன்று பார்படாஸில் டி20 உலகக் கோப்பை, 2025 மார்ச் 9 அன்று துபாயில் சாம்பியன்ஸ் டிராபி. இரண்டு ராத்திரியும் நாடு முழுக்க வெடித்தவை நம் பக்கத்துப் பட்டாசுகள். திறமை இல்லாமல் இவை கிடைக்கவில்லை. குறைந்து போனது நிற்கிற குணம். நல்ல பந்தை நல்ல பந்து என்று மதித்து விடுகிற மனம், அடிபட்டாலும் அடுத்த பந்துக்கு அதே இடத்தில் நிற்கிற தைரியம். 2018–19இல் ஆஸ்திரேலியாவில் நாம் முதன்முதலாகத் தொடரை வென்றபோது சேத்தேஷ்வர் புஜாரா அந்தத் தொடரில் 1,258 பந்துகளைச் சந்தித்தார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் உடம்பெல்லாம் பந்தால் அடி வாங்கிக்கொண்டு 211 பந்து நின்று 56 எடுத்தார். எதிரணியின் வேகப்பந்து வீச்சாளர்கள் ஓய்ந்த பிறகுதான் ரிஷப் பந்தின் அதிரடி பலித்தது. நாம் ரிஷப் பந்தைப் பேசினோம், பேச வேண்டியதுதான். புஜாராவை ‘கட்டை போடுகிறவர்’ என்று கேலி செய்தோம். அது பெரிய தவறு.

மேலே இருப்பவர்கள் செய்த தவறும் சின்னதல்ல. உள்நாட்டு ரஞ்சி ஆட்டங்களுக்கு வருடக்கணக்கில் நம் நட்சத்திரங்கள் பலர் போகவில்லை. ஆஸ்திரேலியாவில் 1–3 என்று தோற்றுத் திரும்பிய பிறகுதான், 2025 ஜனவரியில், வாரியம் கட்டாயப்படுத்தியது. விராட் கோலி 2012க்குப் பிறகு முதல் முறையாக ரஞ்சி ஆட டெல்லி மைதானத்துக்கு வந்தார். ரயில்வே அணியின் ஹிமான்ஷு சங்வான் பந்தில் 6 ரன்னில் ஸ்டம்ப் பறந்தது. ரோகித் சர்மாவும் ஜெய்ஸ்வாலும் ஸ்ரேயஸும் ரஹானேயும் ஆடிய மும்பையை அதே மாதம் ஜம்மு காஷ்மீர் வீழ்த்தியது. சங்வானின் பெயரையும் அந்தக் காஷ்மீர்ப் பையன்களின் பெயரையும் நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? அவர்கள்தான் மாதக்கணக்கில் காலியான மைதானங்களில் நாலு நாள் ஆட்டம் ஆடுகிறவர்கள். டெஸ்ட் அணிக்கு ஆள் எடுக்கும்போது ஐபிஎல் ராத்திரிகளைப் பார்க்காமல் அந்த நாலு நாள் கணக்கைப் பாருங்கள் என்று தேர்வாளர்களிடம் நாம் உரக்கக் கேட்க வேண்டும். திரும்புகிற மண்ணுக்குப் பின்னால் ஒளியாதீர்கள், ஐந்து நாள் தாங்குகிற ஆடுகளம் போடுங்கள் என்று வாரியத்திடம் கேட்க வேண்டும். நம் பேச்சு அவர்கள் காதுக்கு எட்டாது என்று நினைக்காதீர்கள். டிக்கெட் வாங்குகிறவனும் டிவி பார்க்கிறவனும் நாம்தான்.

இறங்கத் தொடங்கிய அணி தானாக ஏறும் என்ற எண்ணம் ஆபத்தானது. வெஸ்ட் இண்டீஸைப் பாருங்கள். 1980க்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் ஒரு டெஸ்ட் தொடரைக்கூட அவர்கள் இழக்கவில்லை. இது வெறும் சுழற்சி, மீண்டு வருவோம் என்று அங்கேயும் சொன்னார்கள். 2023இல் ஒரு நாள் உலகக் கோப்பைக்கே தகுதி பெறவில்லை. 2025 ஜூலையில் சொந்த ஊர் கிங்ஸ்டனில் ஆஸ்திரேலியாவிடம் 27 ரன்னில் அவுட். உலகையே நடுங்க வைத்த இடம் அது.

அதே நேரம், விழுந்தவர் எழ முடியும் என்பதற்குச் சான்று நமக்குப் பக்கத்திலேயே, கோவில்பட்டியில் இருக்கிறது. 1928 முதல் 1956 வரை ஆறு ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வென்ற இந்திய ஹாக்கி, 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதிகூடப் பெறவில்லை. அதைவிடப் பெரிய அவமானம் அந்த விளையாட்டுக்கு இல்லை. பிறகு ஒடிசா அரசு 2018இலிருந்து தோள் கொடுத்தது; செயற்கைப் புல் மைதானங்கள் வந்தன; சின்ன ஊர்களிலிருந்து பையன்கள் வந்தார்கள். டோக்கியோவில் வெண்கலம், பாரிஸில் மீண்டும் வெண்கலம். கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை பிடிக்காத தெரு குறைவு. சினிமாவும் கிரிக்கெட்டும் எல்லா ஊரையும் விழுங்கிய காலத்திலும் அந்த ஊர்க்காரர்கள் போட்டியையும் மைதானத்தையும் விடாமல் காப்பாற்றினார்கள். அங்கே வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். இருபது சொச்சம் கிலோமீட்டர் தூரத்தில் நடந்தது நம் ஊரில் ஏன் நடக்காது?

கிரிக்கெட்டும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சென்னை முதல் டிவிஷன் லீக்கில் வெல்லும் அணிக்குத் தரும் கேடயத்தின் பெயர் பாளையம்பட்டி ராஜா கேடயம். அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியின் பெயர்தான் அது. தமிழ்நாட்டின் நெடு நாள் ஆட்டத்தின் மேல் நம் மாவட்டத்து ஊரின் பெயர் பொறித்திருக்கிறது. ஆனால் 1954–55இல் ஒன்று, 1987–88இல் ஒன்று என்று இரண்டே ரஞ்சிக் கோப்பைதான் தமிழ்நாட்டிடம். இறுதிப் போட்டிவரை போய்க் கைவிட்டது பல முறை. 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த அஸ்வின் 2024 டிசம்பரில் தொடரின் நடுவிலேயே விடைபெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு யார் என்று சேப்பாக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகிய நடராஜன் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். ஊருக்குத் திரும்பி அங்கேயே ஒரு மைதானமும் கட்டினார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார்.

இனி நம் கண்மாய்க்கு வருவோம்.

ஞாயிறு காலை. கருவேல மரத்தடியில் மைக் செட். எட்டு ஓவர் மேட்ச், ரப்பர் பந்து. பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இறங்குகிறான். முதல் பந்து நல்ல அளவில் விழுந்து வெளியே போகிறது. பையன் பேட்டை உயர்த்தி விட்டுவிடுகிறான். யாரும் சொல்லித் தராமலே சரியான முடிவை எடுக்கிறான். மைக்கில் குரல்: “தம்பி, கட்டை போடாதப்பா, தூக்கு!” எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பாவே, “என்னடா பாத்துக்கிட்டு நிக்க, சுத்து!” என்கிறார். அடுத்த பந்தில் பையன் சுற்றுகிறான். பட்டால் சிக்ஸர், படாவிட்டால் அவுட். பட்டுவிட்டால் நூறு ரூபாய் நோட்டைக் குத்தி விடுகிறார்கள். அந்தப் பையன் அன்றைக்குக் கற்றுக்கொண்டது என்ன? பந்தைக் கவனிப்பது பயந்தாங்கொள்ளித்தனம், கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவது வீரம். பத்து வருஷம் கழித்து அவன் வெள்ளைச் சட்டை போட்டுக் கவுகாத்தியில் நின்றாலும் அதையேதான் செய்வான்.

சேவு போடுகிறவர்களுக்குத் தெரியும், தீயைக் கூட்டினால் மேலே சட்டென்று சிவந்துவிடும், உள்ளே மாவாகவே இருக்கும். நம் பையன்களை நாம் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எட்டு ஓவர் மேட்சை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. வாரம் முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசுக் கம்பெனியிலும் உழைத்தவனுக்கு ஞாயிறு ஒரு நாள் சந்தோஷம் வேண்டும். அது அவன் உரிமை. ஆனால் வருஷத்தில் ஐம்பது ஞாயிறையும் அதற்கே கொடுக்காதீர்கள். வளரும் பையன்களுக்கென்று சில ஞாயிறுகளைப் பிரித்து வையுங்கள். தோல் பந்தைக் கொடுங்கள். தலைக்கவசமும் கார்டும் இல்லாமல் ஒருவனைக்கூடத் தோல் பந்துக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். அணிக்கு ஒரு செட் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வோர் அணியும் இரண்டு இன்னிங்ஸ் ஆடட்டும். காலையில் ஆட்டமிழந்து தலை குனிந்து வந்த பையன், பிற்பகலிலோ அடுத்த வாரமோ மறுபடி இறங்கித் தன் தவற்றைத் தானே சரி செய்யும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கட்டும். எட்டு ஓவர் மேட்ச் அந்த வாய்ப்பைத் தருவதேயில்லை.

இதற்கு நம்மிடம் பெரிய சொத்து ஒன்று இருக்கிறது. காலடியில் கிடக்கிறது. கரிசல். மழையில் உப்பி, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் மண். டெஸ்ட் ஆட்டத்தின் ஐந்தாம் நாள் வெடிப்பில் பந்து விழுந்து திரும்புவதைக் கண்டு வெளிநாட்டார் மிரளுகிறார்கள். நம் பிள்ளைகள் அந்த வெடிப்புக்கு மேலேயே ஓடி வளர்ந்தவர்கள். களித்தன்மை மிகுந்த கருப்பு மண்ணைச் சல்லி, வேர் இல்லாமல் சலித்துப் பரப்பி, தண்ணீர் பாய்ச்சி, பாதி காய்ந்ததும் உருட்டி, மறுபடி நனைத்து மறுபடி உருட்டினால் சிமெண்டுத் தரைபோல் இறுகும். நடு வெயிலில் ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டத்துக்கு முன்பே வெடித்துவிடும். ஏழெட்டுப் பேர் ஒரு மாதம் மாலை நேரத்தைக் கொடுத்தால் ஒரு பிட்ச் தயார். மேட் விரித்த பிட்ச்சில் மட்டுமே ஆடிய பையன், மாவட்டத் தேர்வில் மண் பிட்ச்சைக் கண்டதும் திணறுகிறான். அந்தத் திணறலை நாமே இங்கேயே தீர்த்துவிடலாம். மண்ணைத் தன் கையால் உருட்டியவன் அதை ஏமாற்றுக்குப் பயன்படுத்தச் சொல்ல மாட்டான் என்றும் நம்புகிறேன்.

அடுத்து நான் சொல்லப்போவது கசக்கும். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லாக் கேடும் தொடங்கும் இடம் அதுதான்.

வயதைக் குறைப்பது. பதினாறு வயதுக்கு உட்பட்டோர் அணியில் இடம் கிடைக்கப் பதினெட்டு வயதுப் பையனுக்குப் பதினைந்து என்று சர்டிபிகேட் தயார் செய்வது. ‘எல்லாரும் செய்றாங்க, நாம மட்டும் செய்யலைன்னா பிள்ளை பின்தங்கிடுவான்’ என்று நல்ல மனிதர்களே சொல்கிறார்கள். 2015 டிசம்பரில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் ராகுல் திராவிட் இதைத்தான் எடுத்துப் பேசினார். சூதாட்டத்துக்கும் ஊழலுக்கும் சற்றும் குறையாத குற்றமாக அவர் இதைப் பார்த்தார். காரணம் எளிது. பையன் தன் விளையாட்டு வாழ்க்கையில் எடுத்து வைக்கும் முதல் அடியே பொய். அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தது அவன் பெற்றோரும் பயிற்சியாளரும். பின்னாளில் ஒருவன் பணத்தை நீட்டி, ஒரு நோபால் போடு என்றால், முடியாது என்று சொல்லும் பலம் அவனுக்கு எங்கிருந்து வரும்?

ஏமாற்று பலிப்பதும் இல்லை. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறார்கள். தானாக முன்வந்து உண்மையைச் சொல்பவர்களுக்குத் தண்டனை இல்லை, மறைத்துப் பிடிபட்டால் இரண்டு ஆண்டுத் தடை என்று 2020இல் வாரியம் அறிவித்தது. பிடிபடாமல் தப்பினாலும் வேறு தண்டனை காத்திருக்கிறது. தன்னைவிட மூன்று வயது சின்னப் பையன்களை உடல் பலத்தால் அடித்துப் பழகியவன், பெரியவர்களோடு ஆடும் நாள் வந்ததும் ஒன்றும் தெரியாதவனாக நிற்கிறான். அவன் பறித்துக்கொண்ட இடத்தில் நியாயமாக ஆடியிருக்க வேண்டிய உண்மையான பதினைந்து வயதுப் பையன் அதற்குள் ஆட்டத்தையே விட்டு ஒதுங்கியிருப்பான். இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கை ஒரு காகிதத்தால் போகிறது. அப்பாக்களே, அம்மாக்களே, உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், பிறந்த தேதியில் கை வைக்காதீர்கள். வைத்திருந்தால் இந்த மாதமே போய்த் திருத்துங்கள்.

கண்மாய்க்குள் நடக்கும் மற்ற அநியாயங்களும் இதன் தம்பிகள்தான். பேட்டிங் அணியின் ஆளே அம்பயராக நின்று தன் ஆளுக்கு அவுட் தர மறுப்பது. மாங்கா எறிகிறவனை, விக்கெட் விழுகிறது என்பதற்காகக் கண்டுகொள்ளாமல் விடுவது. முழங்கை வளைத்து எறிந்து பழகியவன் தோல் பந்துக்கு வந்ததும் முதல் நாளே திருப்பி அனுப்பப்படுவான், அவன் மேல் அக்கறை இருந்தால் பன்னிரண்டு வயதிலேயே திருத்துங்கள். பேட்டில் பட்டது தெரிந்தும் நடக்காமல் நிற்பது. பந்துக்குப் பந்து பணம் கட்டுவது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டமே போட்டுவிட்டது. மரத்தடியில் நடக்கும் பந்தயத்துக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை, போட்டி நடத்தும் அண்ணன் ஒருவர் எழுந்து நின்று ‘இங்கே வேண்டாம்’ என்றால் நின்றுவிடும். உள்ளூரில் பத்து மரியாதையான மனிதர்கள் சேர்ந்து இரண்டு பொது அம்பயர்களை நிறுத்தி, அவர்கள் சொல்லே முடிவு என்று ஒப்புக்கொண்டால் பாதிப் பிணக்கு அன்றே தீரும்.

ரசிகர்களாகிய நம் நாக்கும் அடங்க வேண்டும். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானோடு ஆடும்போது அர்ஷ்தீப் சிங் ஒரு கேட்சை விட்டார். இருபத்து மூன்று வயதுப் பையன். அன்று ராத்திரி அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படித்தால் கூச வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் முகமது ஷமிக்கு நடந்ததும் அதுவே. தோற்ற அணியை விமர்சிக்கலாம், விமர்சிக்கத்தான் வேண்டும். ஒரு வீரனின் குடும்பத்தையும் மதத்தையும் இழுத்துத் திட்டுகிற விரல் நம் ஊரில் ஒருவருக்கும் இருக்கக் கூடாது. பயந்துபோன வீரன் தன் விக்கெட்டைக் காப்பாற்ற மாட்டான், தன் பெயரைக் காப்பாற்றத்தான் பார்ப்பான்.

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் ஹர்மன்பிரீத் கவுரின் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக் கோப்பையை எடுத்தது. 2017இல் லார்ட்ஸ் இறுதிப் போட்டியில் ஒன்பது ரன்னில் தோற்று அழுதவர்களில் சிலர் அந்த அணியிலும் இருந்தார்கள். இந்த முறை அதே போட்டியின் நடுவில் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றார்கள். கலையவில்லை. அவர்களைப் பயிற்றுவித்தவர் அமோல் மஜும்தார். முதல்தர ஆட்டங்களில் 11,000 ரன்னுக்கு மேல் குவித்தும் இந்திய அணியில் ஒரு தடவைகூட இடம் கிடைக்காத மனிதர். இருபது வருஷம் ரஞ்சியில் உழைத்தவருக்கு நிற்பது என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. அதைத்தான் அந்தப் பெண்களுக்குக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். ஆண்கள் அணியைத் தூக்கி நிறுத்த நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்த அணியை. நம் ஊர்க் கண்மாயில் எத்தனை பெண் பிள்ளைகள் பேட் பிடிக்கிறார்கள்? மைதான ஓரத்தில் தம்பியின் பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அக்காக்களைக் கூப்பிட்டுப் பந்தைக் கையில் கொடுங்கள். அவர்களுக்குத் தனி நேரம், கழிப்பறை, வீடுவரை துணைக்கு ஆள், இவற்றை ஏற்பாடு செய்வது போட்டி நடத்துவோர் கடமை.

பங்குனி, சித்திரை, வைகாசி, இந்த மூன்று மாதமும் கண்மாய் காய்ந்து கிடக்கும். ஐப்பசி மழைக்கு முன் இன்னும் சில மாதம் கையில் இருக்கும். இந்தக் கோடையிலேயே ஒரு போட்டி நடத்துவோம். சாத்தூரில் ஒன்று, இருக்கன்குடிப் பக்கம் ஒன்று, வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஒவ்வொன்று. நான்கு அணி போதும். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும், பிறப்புச் சான்றிதழைத் தலைமையாசிரியர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு. சனிக்கிழமை வேலைக்குப் போகும் பையன்கள் இருப்பதால், ஓர் ஆட்டத்தை அடுத்தடுத்த இரண்டு ஞாயிறுகளில் ஆடலாம். முதல் ஞாயிறு மாலை அவுட் ஆகாமல் திரும்பியவன் ஒரு வாரம் முழுக்க அந்த இன்னிங்ஸை மனத்தில் சுமந்து, மறு ஞாயிறு காலை அதே இடத்தில் வந்து நிற்கட்டும். ரொக்கப் பரிசு வேண்டாம். அதிக சிக்ஸர் அடித்தவனுக்குத் தரும் கோப்பையை இந்த முறை அதிகப் பந்துகளைச் சந்தித்தவனுக்குக் கொடுங்கள். ஸ்கோர் நோட்டில் ரன்னோடு பந்துகளையும் எழுதுங்கள்.

ஆளுயரக் கோப்பைக்கும் பேனருக்கும் செலவழிக்கும் பணம் அப்படியே பந்துக்கும் கார்டுக்கும் தலைக்கவசத்துக்கும் போகட்டும். பழைய களங்களில் பயனில்லாமல் கிடக்கும் கல் உருளை ஒன்றை இந்த வாரமே கேட்டு வாங்கிக் கண்மாய்க்குக் கொண்டு வந்து சேருங்கள். தண்ணீர் டேங்கருக்குச் சொல்ல வேண்டியதும், சாக்கு சேர்க்க வேண்டியதும் அடுத்த வாரத்து வேலை.